ஹட்டனிலிருந்து வந்த பிரேக் ரப்பர்

1974 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டியிருந்த வெப்பமானி ஏழு டிகிரி காட்டியது. வெந்நீர் போட்டேன், சவரம் செய்தேன், நாட்குறிப்பில் முந்தின நாள் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதினேன். ஆறே காலுக்குத் தேயிலை ஃபாக்டரிக்குப் போய் ஸ்டோர் அறையைத் திறந்தேன். உலர்த்தும் மெஷினுக்கு ஒரு பெல்ட்டும் சல்லடைக்கு ஒரு டஜன் போல்ட்டும் போயின. பன்னிரண்டு மணிக்கு அரை நாள் லீவில் ஸ்டோரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று எனக்கு இருந்தது ஒரே வேலை. என் தங்கையையும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளையும் என் காரில் கோத்தகிரியிலிருந்து கீழே இறக்கி, மேட்டுப்பாளையத்தில் மாலை ஐந்தே முக்கால் ரயிலில் ஏற்றிவிட வேண்டும்.

அவர்கள் மூவரும் சிலோனிலிருந்து வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. நான் அவர்களுக்கு ஐந்து வருஷம் முன்பே வந்துவிட்டவன். தங்கையின் கணவரும் அவர்களோடு வந்திருக்க வேண்டியவர். தலைமன்னாரில் கப்பலேறும் அன்று அவருக்கு அம்மை போட்டிருந்தது. துறைமுகத்து டாக்டர் அவரை நிறுத்திவிட்டு மனைவியையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டார். இப்போது அவர் குணமாகி, பிந்திய கப்பலில் வந்து, சிலோனிலிருந்து திரும்புகிறவர்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் மண்டபம் முகாமில் இருப்பதாகத் திங்கட்கிழமை தந்தி வந்தது. தனியாக வந்ததால் அவருக்குத் தனி அட்டை போட்டிருந்தார்கள். தனி ஆளை எங்கே வேலை காலியோ அங்கே அனுப்புவது வழக்கம். அவரை ஆந்திராவில் ஒரு நூற்பாலைக்கு எழுதியிருந்தார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டியல் வாசிப்பார்கள். குடும்பம் தன் அட்டையோடு அங்கே நேரில் நின்றால் அவரை இவர்களோடு சேர்ப்பார்கள். நிற்காவிட்டால் அன்று மத்தியானமே அவருக்கு ரயில். அப்படிப் போன ஆளைத் திரும்ப வரவழைக்க மனு எழுதி எழுதி ஓய்ந்துபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சிலவற்றின் மனுக்களை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

"ஒண்ணரை பஸ்ஸுல ஏத்தி விடுங்களேன். காருல போனாத்தான் ரயில் நிக்குமா?" என்றாள் என் மனைவி.

"ட்ரங்குப் பெட்டி, மூட்டை, ரெண்டு புள்ளைங்க. பஸ்ஸுல எப்படிப் போவா?"

"நாம வந்தப்ப நாலு பெட்டியோட பஸ்ஸுலதான் வந்தோம்" என்றாள் அவள். என் தங்கை என் காரில் போக வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்கு மேல் காரணம் இல்லை.

கார் 1949-இல் இங்கிலாந்தில் செய்தது. சிறியது, நான்கு கதவு, சாம்பல் நிறம். எஸ்டேட் என்ஜினியர் ஓய்வு பெற்றுக் கிளம்பும்போது ஓடாமல் கிடந்த அதை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். கூடவே எண்ணெய்க் கறை படிந்த ஒரு கையேடும் கொடுத்தார். அதை எழுத்தெழுத்தாகப் படித்து, ஒரு வருஷம் நான்கு மாதத்தில் காரை ஓட வைத்தேன். உதிரிப் பாகம் இந்தியாவில் எங்கும் கிடையாது. வெளியிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் வேண்டும். குன்னூரில் ஒரு பங்களாவின் பின்னால் இதே மாதிரிக் கார் ஒன்று கோழிக்கூடாகி நின்றது. கோழிகள் மேயப் போகும் பத்து மணிக்கு மேல் வந்து வேண்டியதைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கதவுக் கைப்பிடி, டைனமோ, ஸ்டியரிங் முட்டு எல்லாம் அங்கிருந்து வந்தவை. ரேடியேட்டர் குழாயைக் கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் அளவு காட்டி வாங்கினேன். கார்புரேட்டரின் காகித அடைப்பை நானே அட்டையில் வெட்டினேன். எது எங்கிருந்து வந்தது, என்றைக்குப் பொருத்தினேன் என்பதெல்லாம் நாட்குறிப்பில் இருக்கிறது.

கிடைக்காதது பிரேக் ரப்பர் மட்டும். அந்தக் காரில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் குழாய்களின் வழியாக ஓடி, ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறு சிலிண்டரில் இரண்டு ரப்பர் வாஷர்களைத் தள்ளும். அவை பிரேக் கட்டைகளைச் சக்கரத்தின் டிரம்மோடு அழுத்தும். காலை எடுத்தால் எல்லாம் பின்வாங்க வேண்டும். வாஷர் என்பது கட்டைவிரல் நுனி அளவுக்குச் சின்னக் கிண்ணம். என்னுடையவை தேய்ந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூரில் ஒருவர் லாரி ரப்பரில் கடைந்து கொடுத்தார். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்போது சிலோனில் இந்த மாதிரிப் பழைய கார்கள் நிறைய ஓடிக்கொண்டிருந்தன. கையேட்டிலிருந்த எண்ணை எழுதித் தங்கைக்குக் கடிதம் போட்டேன். ஹட்டன் கடைத்தெருவில் கிடைத்தது என்று பதில் வந்தது. ஜனவரியில் அவள் வந்து இறங்கியதும் முதலில் ட்ரங்கைத் திறந்து ஒரு பத்திரிகைத் தாள் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். உள்ளே எட்டு வாஷர்கள், கறுப்பாக, பளபளவென்று. லேசாகச் சீயக்காய் வாசனை அடித்தது. அவளுடைய பெட்டியிலேயே அந்த வாசனை இருந்ததால் நான் யோசிக்கவில்லை.

பொருத்தும் முன் பழையதையும் புதியதையும் அளவுகோலில் பிடித்துப் பார்த்தேன். புதியது எட்டுமே பழையதைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம். பழையது தேய்ந்தது, புதியது பெரிதாகத்தான் இருக்கும் என்று அளவுகளின் பக்கத்தில் எழுதிவைத்தேன். கையேட்டில் சொன்னபடி பிரேக் எண்ணெயிலேயே கழுவி, பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொருத்தினேன். சிலிண்டருக்குள் போக மறுத்தன. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்றினேன். பிறகு எஸ்டேட் சாலையில் இரண்டு மைல் ஓட்டிப் பார்த்தேன். மிதித்த இடத்தில் நின்றது. அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வாகனத்தை நிறுத்தியதே இல்லை.

இரண்டே காலுக்குக் கிளம்பினோம். தங்கை முன்னால் உட்கார்ந்து நான்கு வயதுச் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெரியவள் பின்னால் ட்ரங்கோடும் மூட்டையோடும் உட்கார்ந்தாள். முகாம் அட்டையைத் தங்கை ஒரு துணிப்பையில் போட்டு, பையை ரவிக்கைக்குள் செருகியிருந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அரவேணு தாண்டும்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அல்லது தெரிந்ததை நான் எண்ணவில்லை. சமமான இடத்தில் காலை எடுத்தால் கார் தானாக உருண்டு போக வேண்டும். அது உருளாமல், பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் மெதுவாகியது. புது ரப்பர், ஓட ஓடச் சரியாகும் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒங்க ரப்பரு நல்லா வேல செய்யுதா?" என்று தங்கை கேட்டாள்.

"செய்யுது."

"செய்யாம? எப்பிடிப் பாத்துக் கொண்டாந்தேன் தெரியுமா? வாங்குன அன்னிக்கே தேங்காண்ணெப் போத்தல்ல போட்டு மூடிட்டேன்ல."

"எதுல போட்ட?"

"தேங்காண்ணெப் போத்தல்ல. ரப்பரு காஞ்சா வெடிச்சிப் போகுமில்ல? சின்னவளுக்குப் பால் குடுக்கிற சூப்பிகூட அப்பிடித்தான், எண்ணெ தடவித் தடவி ஒரு வருசம் ஓட்டுனேன். ரெண்டு மாசம் போத்தல்லதான் கெடந்துச்சு. முகாம்ல பொம்பளைக எல்லாம் தலைக்கி எண்ணெ இல்லாம நின்னாளுக. ஒருத்திக்கி ஒரு சொட்டு குடுக்கலியே நானு! அண்ணன் சாமான் உள்ள கெடக்குதுன்னு சொல்லிட்டேன்."

"தலைமன்னார்ல சோதனை பண்ணலையா?"

"சுங்கக்காரரு மூடியத் தொறந்து மோந்து பாத்தாரு. தேங்காண்ணெதானேன்னு வச்சிட்டாரு. உள்ள காரு சாமான் முழுகிக் கெடக்குது, அவருக்கு என்னா தெரியும்!"

பின்னாலிருந்து பெரியவள் சொன்னாள்: "சீயக்காய் போட்டுத் தேச்சுக் கழுவுனது நானு, மாமா. எட்டையும்."

நான் "நல்லது" என்றேன். அந்தச் சொல் வெளியே வந்தது எனக்கே ஆச்சரியம்.

எங்கள் ஸ்டோரில் பெல்ட்டுகள் தொங்கும் சுவரில் ஒரு பலகை உண்டு. ரப்பரில் எண்ணெய் படக் கூடாது, பட்டால் ஊதிவிடும் என்று அதில் எழுதியிருக்கும். எழுதியவன் நான். பிரேக் எண்ணெய் வேறு வகை, அது ரப்பரைத் தொடாது. தேங்காயெண்ணெயில் இரண்டு மாதம் ஊறிய ரப்பர் ஊதும், இளகும். அந்த ஒரு மில்லிமீட்டர் தேய்மானத்தின் வித்தியாசம் அல்ல. சிலிண்டருக்குள் இப்போது எட்டு வாஷரும் பிதுங்கி நிற்கின்றன. மிதித்தால் தள்ளும், விட்டால் பின்வாங்காது. கட்டைகள் டிரம்மில் உரசிக்கொண்டே வருகின்றன. உரசினால் சூடேறும். சூடேறினால் ரப்பர் இன்னும் இளகும், எண்ணெய் கொதிக்கும். கொதித்த எண்ணெய் எதையும் தள்ளாது. கையேட்டில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

அப்போது இடது பக்கம் பள்ளம். தேயிலைச் சரிவு முடிந்து மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. வழக்கமாக அந்த இடத்தில் நான் காட்சி பார்ப்பேன். அன்று ரோட்டோரத்துக் கற்களைப் பார்த்தேன். வெள்ளையடித்த கல், முழங்கால் உயரம், இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு கார் தாராளமாகப் போகலாம். உள்ளங்கை ஈரத்தில் ஸ்டியரிங் வழுக்கியது. ஒவ்வொரு கையாக வேட்டியில் துடைத்துக்கொண்டேன். சின்னவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருகிய வாசனை வந்தது.

"மாமா, யாரோ அடுப்பு மூட்டுறாங்க" என்றாள் பெரியவள்.

அகலமான ஓர் இடத்தில் நிறுத்தினேன். நின்றது. இறங்கி முன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன்; தொட வேண்டியிருக்கவில்லை, நாலு விரற்கடை தூரத்திலேயே சுட்டது. மணி மூன்று பத்து. யோசித்தேன். அடுத்த பஸ் கோத்தகிரியில் நாலரைக்குத்தான். அது கீழே போய்ச் சேரும்போது ரயில் போயிருக்கும். திரும்பி மேலே போகலாம், ஏற்றத்தில் ஆபத்து இல்லை; ஆனால் மேலே போனால் நாளைக் காலைப் பத்து மணிக்கு மண்டபத்தில் அவர் பெயரைக் கூப்பிடும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆறவிட்டு முதல் கியரில் மெதுவாக இறங்கினால் என்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் தேவைப்படாது. இந்த மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

"என்னாண்ணே நின்னுட்டீங்க?"

"என்ஜின் சூடாயிருக்கு. கொஞ்சம் ஆறட்டும்."

"சுணங்குமா?"

"சுணங்காது."

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த எண்ணெய்ப் போத்தலைக் கடல் தாண்டிச் சுமந்துவந்த கை, பைக்குள் இருக்கும் அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் சொல்ல முடியவில்லை. அரை மணி நேரம் நின்றோம். நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் மூன்று முறை மணி கேட்டாள்.

மூன்று நாற்பதுக்கு மறுபடியும் கிளம்பினோம். அந்தக் காரின் முதல் கியருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இறக்கத்தில் பல் விட்டுக் கழன்றுவிடும். தடியைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கைப் பிரேக்கும் அதே இடது கைப் பக்கம். இரண்டையும் ஒரு கையால் பிடிக்க முடியாது.

"இந்தத் தடியை இப்படியே அமுக்கிப் பிடிச்சுக்க. நான் சொல்றவரைக்கும் விடாதே."

"என்னாண்ணே இது, என்னையும் டிரைவராக்குறீங்க!" என்று சிரித்தபடி பிடித்துக்கொண்டாள். "வேலைக்கு ஆள் பிடிக்கத்தான் கார்ல ஏத்துனீங்களா?"

சிரித்துவைத்தேன். என் இடது கை கைப் பிரேக்கின் மேல், வலது கை ஸ்டியரிங்கில். என்ஜின் ஊளையிட்டது. கார் நடக்கும் வேகத்தைவிடச் சற்று அதிகமாக இறங்கியது. வளைவுகளை எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கொண்டிருந்தால் பயம் அந்த எண்ணுக்குள் அடங்கும் என்பது சின்ன வயதிலிருந்து என் பழக்கம். அன்று அடங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பதாவதில் உறுதியாக இருந்தது. பத்தாவதில் உறுதியாக இருந்தது. பதினொன்றாவதில் என் கால், ஈர மண்ணுக்குள் போவதுபோல், தரைவரை போனது.

மறுபடி மிதித்தேன். மறுபடியும் தரை.

கைப் பிரேக்கை இழுத்தேன். ஏதோ பிடித்தது, நிறுத்தவில்லை. அதே சமயம் கீழே வளைவிலிருந்து ஒரு ஜீப் ஹாரனடித்தபடி மேலேறி வந்தது. தங்கை "அய்யோ" என்று சின்னவளை இரண்டு கையாலும் அணைத்தாள். தடி விடுபட்டது. கியர் கழன்ற சத்தம் எனக்குக் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. என்ஜின் சத்தம் அடங்கிக் கார் திடீரென்று லேசாயிற்று. அந்த அமைதிதான் நான் இன்றைக்கும் பயப்படுவது. ஜீப்காரர் ஒதுங்கினார், எப்படி என்று தெரியாது. அதன் பின் எங்களுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் முப்பது கஜம் இருந்திருக்கும்.

நல்லவேளையாக அந்த முப்பது கஜத்தில் மலை எங்கள் இடது பக்கம் இருந்தது. ஸ்டியரிங்கை மலைப் பக்கம் திருப்பினேன். இடது சக்கரங்கள் தண்ணீர் ஓடும் கால்வாய்க்குள் இறங்கின. கதவு மண்சுவரில் உரசி, கல்லில் இடித்து, ஒரு வேரில் சிக்கிக் கார் சாய்ந்தபடி நின்றது. ட்ரங்கு முன்னால் வந்து என் இருக்கையின் முதுகில் மோதியது. பெரியவளுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. சின்னவள் அழவில்லை, அழலாமா என்று எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

தங்கை என்னைப் பார்த்து முதலில் கேட்டது: "அண்ணே, மணி என்னா?"

நாலு பதினேழு.

எல்லாரையும் என் பக்கக் கதவு வழியாக இறக்கினேன். ஜீப் மேலே போய்விட்டது. ரோட்டோரத்தில் ட்ரங்கின் மேல் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு நின்றோம். பயம் முடிந்துவிட்டது என்று உடம்பு நினைத்திருக்க வேண்டும், அது முடியவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஒன்றரை பஸ்ஸில் ஏற்றியிருந்தால் இந்நேரம் இவர்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிஷம் போனது. இருபது நிமிஷம் போனது.

நாலு நாற்பத்தைந்துக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிய ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் கொங்குநாட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும், காதில் பீடி. இறங்காமலே காரைப் பார்த்தார்.

"ஏனுங்க, மலைய முட்டிப் பாத்தீங்களாட்ட இருக்குதுங்களே? அது நகராதுங்க."

"பிரேக் போயிடுச்சுங்க. இவங்க அஞ்சே முக்கால் ரயிலைப் பிடிக்கணும்."

"பெட்டியத் தூக்கிப் போடுறா" என்று மேலே இருந்த க்ளீனரிடம் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். குனிந்து சக்கரத்தின் பின்னால் விரலை விட்டு, ஈரத்தைத் தொட்டு முகர்ந்தார். "உள்ள கிழிஞ்சு போச்சுங்க. ரப்பரு எங்க வாங்குனீங்க?"

தங்கை என்னைப் பார்த்தாள்.

"இந்தச் சக்கரத்துல மட்டும் பழசுங்க. மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன்" என்றேன்.

"மலை வண்டிக்குப் பழசப் போட்டுக்கிட்டா சுத்துவாங்க? பாத்தா படிச்சவராட்ட இருக்கறீங்க."

"ஆமாங்க. தப்புதான்."

அன்றைய நாட்குறிப்பிலும் பழைய ரப்பர் கிழிந்தது என்றே எழுதினேன். என் நாட்குறிப்பில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். அவளிடம் இன்றுவரை திருத்திச் சொல்லவில்லை.

காரின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். ரோட்டுப் பக்கக் கதவுகள் இரண்டையும் பூட்டினேன். பூட்டியது சரிதானா என்று மறுபடி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன்.

"ஏனுங்க, அத யாரு தூக்கிக்கிட்டுப் போகப் போறாங்க? ஏறுங்க, ரயிலு உங்களுக்காக நிக்காதுங்க!"

க்ளீனர் பெட்டிகளின் மேலே போனான். நாங்கள் நால்வரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் பீடியைப் பற்றவைத்து, தீக்குச்சியை வெளியே வீசி, அதே வீச்சில் வளைவைத் திருப்பினார். முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் கிறீச்சிட்டன. இத்தனை பாரமும் எந்த ரப்பரின் மேல் தொங்குகிறது என்றே எனக்கு ஓடியது. என் வலது கால் லாரியின் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அங்க பிரேக்கு இல்லீங்க" என்றார். "இருக்கறது எங்கிட்டதான்."

தங்கைகூடச் சிரித்துவிட்டாள்.

"கொஞ்சம் மெதுவாங்க" என்றேன்.

"மெதுவாப் போனா ரயிலு போயிரும். வேகமாப் போனா உங்க உசுரு போயிரும். ஏதாச்சு ஒண்ணு சொல்லுங்க."

குஞ்சப்பனை தாண்டியபோது ஐந்து பத்து. அங்கே ஒரு மாட்டு வண்டி வழியில் நின்று ஆறு நிமிஷம் பிடித்தது. வளைவுக்கு வளைவு நான் இரண்டு பயங்களுக்கு நடுவில் மாறி மாறி உட்கார்ந்திருந்தேன்: மெதுவாகப் போனால் மச்சான் ஆந்திராவுக்கு, வேகமாகப் போனால் நாங்கள் ஆறு பேரும் பள்ளத்துக்கு. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள். சமவெளிக்கு வந்ததும் பாக்குத் தோப்புகளின் சூடு முகத்தில் அடித்தது. எனக்குக் குளிர்ந்துகொண்டிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் லாரி நின்றபோது ஐந்து நாற்பத்து நாலு. டிக்கெட் எடுக்க நேரமில்லை. பிள்ளைகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். க்ளீனர் ட்ரங்கைத் தலையிலும் மூட்டையைக் கையிலும் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினான். ரயில் அசைந்துவிட்டது. தங்கை பெரியவளை ஏற்றித் தானும் ஏறினாள். க்ளீனர் ட்ரங்கையும் மூட்டையையும் உள்ளே தள்ளினான். என் கையில் சின்னவள். அவளை நீட்டினேன், தங்கையின் கை எட்டவில்லை. இன்னொரு முறை நீட்டினேன். பிளாட்பாரம் முடியப் போகிறது. என்ன செய்தேன் என்று யோசித்துச் செய்யவில்லை. அதே பெட்டியின் அடுத்த வாசல் கம்பியைப் பிடித்துக் குழந்தையோடு நானே ஏறிவிட்டேன்.

சுவாசம் திரும்பியபின் கணக்கெடுத்தேன். என் லீவு அரை நாள். ஸ்டோர் சாவி என் பையில். நாளைக் காலை ஃபாக்டரியில் ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் பூட்டை உடைக்க வேண்டும். கார் சாலையோரக் கால்வாயில். வீட்டில் என் மனைவி, எட்டு மணிக்குள் வருவேன் என்று நம்பிக்கொண்டிருப்பவள். சிலோனிலும் இங்கேயுமாக இருபது வருஷ வேலையில் சொல்லாமல் ஒரு நாள் நின்றதில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பலாம். குழந்தையைத் தாயிடம் கொடுத்தபின் வாசலில் நின்று அதைத்தான் யோசித்தேன்.

"நீங்க எறங்கிப் போங்கண்ணே. நாங்க போயிருவோம்" என்றாள் தங்கை. அவளுடைய கை மறுபடியும் அட்டையின் மேல்.

கோயம்புத்தூரில் வண்டி மாற வேண்டும். அவளுக்கு அந்த ஸ்டேஷன் தெரியாது. தவறான வண்டியில் ஏறினால்? வழியில் வண்டி நின்றுபோனால்? பட்டியலில் அவர் பெயரை முதலிலேயே வாசித்துவிட்டால்? அன்று மத்தியானம்வரை எனக்கு இப்படியெல்லாம் தோன்றியதே இல்லை. சரியாகப் பொருத்தினால் சரியாக ஓடும் என்று நம்பியவன் நான். இறங்கவில்லை. கோயம்புத்தூரில் டிக்கெட் பரிசோதகரிடம் நடந்ததைச் சொல்லி நால்வருக்கும் மண்டபம்வரை டிக்கெட் வாங்கினேன். தபால் அறையில் ஃபாக்டரிக்கு ஒரு தந்தி கொடுத்தேன். ராமேஸ்வரம் வண்டியில் பிள்ளைகளும் தாயும் தூங்கினார்கள். வண்டி ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் என் கால் தரையை அழுத்தியது.

புதன்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு மண்டபத்தில் இறங்கினோம். முகம் கழுவவில்லை, காபி குடிக்கவில்லை. ட்ரங்கையும் மூட்டையையும் ஸ்டேஷனிலேயே ஒரு கடைக்காரரிடம் விட்டுவிட்டு நேராக முகாம் அலுவலகத்துக்கு நடந்தோம். நான் ஓடினேன் என்று பெரியவள் பிற்பாடு சொன்னாள். மேசை போட்டிருந்த வராந்தாவில் ஏற்கெனவே கூட்டம். மச்சான் ஒரு தூணோரம் நின்றார். முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் மங்காமல் இருந்தது. சின்னவள் அவரை அடையாளம் தெரியாமல் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா" என்றார், அவ்வளவுதான்.

பத்து மணிக்குப் பட்டியல் வாசித்தார்கள். அவர் பெயர் பதினாலாவது. முன்னால் வந்த பதின்மூன்று பெயர்களையும் விரல் விட்டு எண்ணினேன். பெயரைக் கூப்பிட்டதும் தங்கைதான் முதலில் "இருக்கோம்" என்றாள். ரவிக்கையிலிருந்து பையை எடுத்து, அட்டையை உருவி, மேசையில் வைத்தாள். எழுத்தர் அதன் இரண்டு பக்கமும் படித்தார். பிள்ளைகளைத் தலை எண்ணினார். பிறகு மச்சானின் அட்டையை எடுத்து அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு குண்டூசி குத்தினார்.